புகலிடம் கோருவோருக்கான சட்ட உதவி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சொந்த நாட்டில் உயிருக்கோ உரிமைக்கோ ஆபத்து என்று சொல்லி இன்னொரு நாட்டிடம் பாதுகாப்புக் கேட்பவர், தம் வாழ்வின் மிக முக்கியமான வழக்கைத் தெரியாத மொழியில், பழக்கமில்லாத சட்டத்தின்கீழ், பெரும்பாலும் கையில் பணமில்லாமல் நடத்த வேண்டியிருக்கிறது. அப்படிப்பட்டவர்களும் அவர்களுக்கு உதவ நினைக்கும் உறவினர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கான விடைகள் இங்கே உள்ளன. சட்டம் நாட்டுக்கு நாடு வேறுபடும். ஒரே நாட்டிலும் அடிக்கடி திருத்தப்படும். ஆகவே இங்கே குறிப்பிடப்படும் காலக்கெடுக்களை எடுத்துக்காட்டுகளாக மட்டும் கொண்டு, உங்கள் கைக்கு வந்த கடிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதையே முடிவானதாகக் கொள்ளுங்கள்.

'சட்ட உதவி' என்பது சரியாக எதைக் குறிக்கிறது?

ஒரே பெயரில் மூன்று வேறு பணிகள் வழங்கப்படுகின்றன. முதலாவது, தகவல்: எங்கே விண்ணப்பிப்பது, அடுத்து என்ன நடக்கும், என்னென்ன கடமைகள் உண்டு என்பதைச் சொல்வது. இரண்டாவது, ஆலோசனை: உங்கள் கதையைக் கேட்டு, அதில் சட்டப்படி எது முக்கியம், எதற்குச் சான்று தேவை என்று விளக்குவது. மூன்றாவது, உங்களுக்காக ஒருவர் எழுதுவதும், உங்களுடன் வந்து அமர்வதும், தீர்ப்பாயத்தில் உங்கள் சார்பில் வாதாடுவதும்.

ஒரு துண்டறிக்கையில் 'இலவசச் சட்ட உதவி உண்டு' என்று எழுதியிருந்தால், இந்த மூன்றில் எது என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். தகவல் மட்டும் தரும் அமைப்பைத் தம் வழக்கறிஞர் என்று நம்பிக்கொண்டு, மேல்முறையீட்டை அவர்கள் தாக்கல் செய்திருப்பார்கள் என்று காத்திருந்து, கடைசி நாளைத் தவறவிட்டவர்கள் உண்டு. "என் கோப்பில் என் பிரதிநிதியாக உங்கள் பெயர் இருக்கிறதா?" என்பதுதான் அங்கே கேட்க வேண்டிய கேள்வி.

இலவசமாக வழக்கறிஞரைப் பெறுவது என் உரிமையா?

உலகம் முழுவதற்கும் பொருந்தும் ஒரே விடை இதற்கு இல்லை. 1951-ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையும் அதன் எல்லையை விரிவாக்கிய 1967-ஆம் ஆண்டு நெறிமுறையும் அகதி என்பவர் யார் என்று வரையறுக்கின்றன. அகதிகள் உடன்படிக்கையின் 33-ஆம் பிரிவு, ஆபத்து உள்ள இடத்துக்கு ஒருவரைத் திருப்பி அனுப்பக் கூடாது என்கிறது. 16-ஆம் பிரிவு நீதிமன்றத்தை அணுகும் உரிமையைத் தருவதுடன், வழக்கமாக வசிக்கும் நாட்டில் சட்ட உதவி விஷயத்திலும் அகதியை அந்நாட்டுக் குடிமகனைப் போலவே நடத்த வேண்டும் என்கிறது. ஆனால் புகலிட விண்ணப்பம் எந்த நடைமுறையில் விசாரிக்கப்பட வேண்டும் என்பதையும், அந்த விசாரணையில் அரசு செலவில் வழக்கறிஞர் தரப்பட வேண்டுமா என்பதையும் உடன்படிக்கை நாடுகளின் விருப்பத்துக்கே விட்டுவிட்டது.

குற்றவழக்கு என்றால் நிலைமை வேறு. 1966-ஆம் ஆண்டின் குடிமை மற்றும் அரசியல் உரிமைகளுக்கான பன்னாட்டு உடன்படிக்கையின் 14-ஆம் பிரிவு, குற்றம் சாட்டப்பட்டவரிடம் பணமில்லை என்றால், நீதியின் நலன் கோரும்போது இலவசமாக வழக்கறிஞர் தரப்பட வேண்டும் என்கிறது. புகலிடக் கோரிக்கை குற்றவழக்கு அன்று, நிர்வாக விசாரணை. இதனால் ஒரு வினோதம் நேர்கிறது: திருட்டுக் குற்றம் சாட்டப்பட்டவருக்குக் கிடைக்கும் வழக்கறிஞர், திருப்பி அனுப்பினால் சித்திரவதைக்கு உள்ளாகக்கூடியவருக்குக் கிடைக்காமல் போகலாம்.

இந்த இடைவெளியை நீதிமன்றங்களும் உள்நாட்டுச் சட்டங்களும் ஓரளவு நிரப்பியிருக்கின்றன. அயர்லாந்தில் கணவனிடமிருந்து பிரிவு கேட்ட ஒரு பெண்ணின் வழக்கில் 1979-இல் ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம் சொன்னது, உரிமைகள் ஏட்டளவில் இல்லாமல் நடைமுறையில் பயன்படக்கூடியவையாக இருக்க வேண்டும் என்பதுதான். அது புகலிட வழக்கு அன்று. ஆயினும் அந்தக் கருத்து பின்னர் வெகுதூரம் பயணித்தது. 2011-இல் பெல்ஜியம், கிரீஸ் இரண்டுக்கும் எதிராக ஓர் ஆப்கானியர் தொடுத்த வழக்கில், கிரீஸின் புகலிட நடைமுறையில் அதே நீதிமன்றம் கண்ட குறைகளில் சட்ட உதவி வழக்கறிஞர்களின் பற்றாக்குறையும் ஒன்று.

எந்த நாட்டில் என்ன ஏற்பாடு இருக்கிறது?

ஏற்பாடுகள் எவ்வளவு வேறுபடுகின்றன என்பதைக் காட்டச் சில நாடுகளை மட்டும் சொல்கிறோம். சுவிட்சர்லாந்தில் 2019 மார்ச் 1 முதல், கூட்டாட்சிப் புகலிட மையங்களில் தங்கவைக்கப்படுபவர்களுக்குத் தொடக்கத்திலிருந்தே இலவச ஆலோசனையும் சட்டப் பிரதிநிதியும் உண்டு. நடைமுறை வேகமாக முடிக்கப்படுவதால் அதற்கு ஈடாகத் தரப்பட்ட பாதுகாப்பு அது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2013-ஆம் ஆண்டின் நெறியாணை, முதற்கட்டத்தில் இலவசத் தகவலையும் மேல்முறையீட்டில் இலவசப் பிரதிநிதித்துவத்தையும் கட்டாயமாக்கியது. அதற்குப் பதிலாக 2024-இல் நிறைவேற்றப்பட்டு, 2026 ஜூன் முதல் பொருந்தும்படி இயற்றப்பட்ட ஒழுங்குமுறை, கேட்பவர்களுக்கு முதற்கட்டத்திலேயே இலவசச் சட்ட ஆலோசனை தர வேண்டும் என்கிறது.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2012-ஆம் ஆண்டுச் சட்டம் குடிவரவு விஷயங்களில் பெரும்பாலானவற்றைச் சட்ட உதவியிலிருந்து நீக்கினாலும், புகலிடக் கோரிக்கையை விட்டுவைத்தது; வருமானமும் வழக்கின் வலுவும் அங்கே பரிசோதிக்கப்படும். கனடாவில் சட்ட உதவி மாகாணங்களின் பொறுப்பு என்பதால், நீங்கள் எந்த மாகாணத்தில் இருக்கிறீர்கள் என்பதே பலவற்றைத் தீர்மானிக்கிறது. அமெரிக்காவில் வழக்கறிஞர் வைத்துக்கொள்ளும் உரிமை உண்டு, ஆனால் 'அரசுக்குச் செலவில்லாமல்' என்று சட்டமே நிபந்தனை போடுகிறது. அங்கே இலவச உதவி பெரும்பாலும் தொண்டு நிறுவனங்கள், சட்டக் கல்லூரிகளின் உதவி மையங்கள், கட்டணமின்றி வழக்கெடுக்கும் வழக்கறிஞர்கள் ஆகியோரிடமிருந்தே வர வேண்டும். அப்படிப்பட்டவர்களின் பட்டியலைக் குடிவரவு நீதிமன்றங்களே தருகின்றன.

எப்போது வழக்கறிஞரைத் தேட வேண்டும்? மறுப்பு வந்தபின் தேடினால் போதாதா?

போதாது. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு விடையை மட்டும்தான் படிக்க நேரமிருக்கிறது என்றால், இதைப் படியுங்கள்.

புகலிட வழக்கில் பெரும்பாலும் முக்கியச் சான்று உங்கள் வாய்மொழிதான். நீங்கள் முதன்முதலில் சொல்வது எழுதப்படுகிறது. அடுத்த நேர்காணலில் சொல்வது அதனுடன் ஒப்பிடப்படுகிறது. மேல்முறையீட்டில் சொல்வது இரண்டுடனும் ஒப்பிடப்படுகிறது. விமான நிலையத்தில், தூக்கமில்லாத நிலையில், 'ஏன் வந்தீர்கள்?' என்ற கேள்விக்கு இரண்டு வரியில் சொன்ன பதில், ஈராண்டு கழித்து 'இந்த விவரத்தை அப்போது ஏன் சொல்லவில்லை?' என்ற கேள்வியாகத் திரும்பி வரும். காவலில் தமக்கு நேர்ந்ததை ஓர் அந்நியரிடம் முதல் சந்திப்பிலேயே சொல்லக் கூசிய பெண், பின்னர் அதைச் சொல்லும்போது புதிதாகச் சேர்த்துச் சொல்வதாகச் சந்தேகிக்கப்படலாம்.

நல்ல வழக்கறிஞர் இந்த ஆபத்தை முன்கூட்டியே குறைப்பார். நேர்காணலுக்கு முன் உங்களிடமிருந்து முழு வாக்குமூலத்தை நிதானமாக வாங்கி, நாள்களை வரிசைப்படுத்தி, எங்கே நினைவு உறுதியாக இல்லையோ அங்கே 'சரியான தேதி நினைவில்லை, மழைக்காலம் என்பது மட்டும் தெரியும்' என்று உள்ளபடி எழுதச் சொல்வார். மறுப்புக்குப் பின் வருபவர், ஏற்கெனவே எழுதப்பட்டுவிட்டவற்றுக்கு விளக்கம் சொல்லும் வேலையையே முதலில் செய்ய வேண்டியிருக்கிறது. மேல்முறையீட்டுக்கு மட்டும் இலவச வழக்கறிஞரைத் தரும் ஏற்பாடுகளின் அடிப்படைக் குறை இதுதான் என்பது எங்கள் கருத்து.

விண்ணப்பிக்கவே காலக்கெடு இருக்கும் நாடுகளும் உண்டு. அமெரிக்காவில், வந்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் புகலிட விண்ணப்பத்தைத் தாக்கல் செய்ய வேண்டும் என்பது பொதுவிதி. விதிவிலக்குகள் இருந்தாலும் அவற்றை நிறுவும் பொறுப்பு விண்ணப்பதாரருடையது.

நேர்காணலுக்கு வழக்கறிஞர் கூட வரலாமா?

இதுவும் நாட்டைப் பொறுத்தது. சுவிட்சர்லாந்தின் மையங்களில் பிரதிநிதி உடனிருப்பார். பிரான்சில் வழக்கறிஞரோ அங்கீகரிக்கப்பட்ட சங்கத்தின் பிரதிநிதியோ உடன் வரலாம், ஆனால் இறுதியில்தான் பேசலாம். இங்கிலாந்தில் வயது வந்தவர்களின் முக்கிய நேர்காணலுக்கு வழக்கறிஞர் வருவதற்கான செலவைச் சட்ட உதவி பொதுவாக ஏற்பதில்லை, சிறுவர்களுக்கு ஏற்கிறது. அங்கே நேர்காணல் ஒலிப்பதிவு செய்யப்படுவதால், அந்தப் பதிவையும் எழுத்துப் பிரதியையும் பின்னர் வழக்கறிஞரிடம் காட்டிப் பிழைகளைத் திருத்தி எழுத முடியும்.

உடன் வந்தாலும் உங்களுக்குப் பதிலாக அவர் கதை சொல்ல முடியாது என்பதை நினைவில் வையுங்கள். கேள்வி குழப்பமாக இருந்தால் தெளிவுபடுத்தக் கேட்பது, இடைவேளை வேண்டுவது, விடுபட்டதைச் சுட்டிக்காட்டுவது ஆகியவையே அவர் வேலை. இடைவேளையை நீங்களேகூடக் கேட்கலாம்.

மொழிபெயர்ப்பாளர் சொன்னது தவறாக இருந்தால் என்ன செய்வது?

உடனே, அதே அறையில் சொல்ல வேண்டும். 'பிறகு வழக்கறிஞரிடம் சொல்லிக்கொள்ளலாம்' என்று விட்டுவிட்டால், நீங்கள் கையெழுத்திட்ட பிரதி உங்களுக்கு எதிராகவே நிற்கும்.

இது எவ்வளவு நுணுக்கமானது என்பதற்குத் தமிழிலிருந்தே ஓர் எடுத்துக்காட்டு. பெரியப்பா மகனையும் நாம் அண்ணன் என்றுதான் சொல்கிறோம். 'என் அண்ணனைப் பிடித்துக்கொண்டு போனார்கள்' என்று நீங்கள் சொன்னதை முதல் மொழிபெயர்ப்பாளர் உடன்பிறந்தவர் என்று பெயர்த்துவிடுகிறார். விண்ணப்பத்தின் குடும்ப விவரத்திலோ உங்களுக்கு உடன்பிறந்தவர் யாருமில்லை. இரண்டாவது நேர்காணலில் வேறொரு மொழிபெயர்ப்பாளர் அதே சொல்லைப் பெரியப்பா மகன் என்று பெயர்க்கிறார். நீங்கள் இரு முறையும் உண்மையைத்தான் சொன்னீர்கள். கோப்பில் இப்போது ஒரு முரண்பாடு இருக்கிறது. 'பிடித்துக்கொண்டு போனார்கள்' என்பதும் அப்படியே: சட்டப்படி கைதா, சீருடை இல்லாதவர்கள் செய்த கடத்தலா என்பது அந்தச் சொல்லில் தெரியாது. கைது என்றால் ஆவணம் எங்கே என்று கேட்பார்கள். கடத்தல் என்றால் அந்தக் கேள்வியே எழாது.

ஆகவே உறவுமுறையைச் சொல்லும்போது யாருடைய மகன், யாருடைய மகள் என்று விரித்துச் சொல்லுங்கள். வட்டார வழக்கு புரியவில்லை என்றால் ஆள் மாற்றம் கேட்கலாம். பாலியல் வன்முறை குறித்துப் பேச வேண்டியிருந்தால், விசாரிப்பவரும் மொழிபெயர்ப்பவரும் பெண்ணாக இருக்க வேண்டும் என்று முன்கூட்டியே எழுத்தில் கேளுங்கள். பல நாடுகள் இயன்றவரை இதை ஏற்கின்றன. முடிவில் பிரதியை உங்கள் மொழியில் வாசித்துக் காட்டினால், களைப்பில் தலையாட்டிக் கையெழுத்திடாமல், ஒவ்வொரு பெயரையும் தேதியையும் நிறுத்திக் கேளுங்கள். உறவினரையோ நண்பரையோ மொழிபெயர்ப்பாளராக வைத்துக்கொள்வதைத் தவிர்ப்பதே நல்லது. அவர் எதிரில் நீங்கள் சொல்லத் தயங்கும் விஷயமே வழக்கின் மையமாக இருக்கலாம்.

வழக்கறிஞரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடலாமா? அரசிடம் சொல்லிவிடுவாரோ?

நீங்கள் ஆலோசனைக்காகச் சொல்வதை உங்கள் அனுமதியின்றி வெளியிடக் கூடாது என்பது வழக்கறிஞர் தொழிலின் அடிப்படை விதி. அரசு பணம் கொடுத்தாலும் அவர் உங்கள் வழக்கறிஞர்தான். இயக்கத்தில் இருந்தது, வேறொரு நாட்டில் முன்பு விண்ணப்பித்தது, போலிக் கடவுச்சீட்டில் வந்தது, விரல் ரேகை ஏற்கெனவே பதிவானது ஆகிய எதையும் அவரிடம் மறைக்காதீர்கள். இவை எப்படியும் வெளிவரக்கூடியவை. முன்னரே தெரிந்திருந்தால் அவர் விளக்கத்தைத் தயார்செய்வார். விசாரணை அறையில் தெரியவந்தால் அவராலும் ஒன்றும் செய்ய முடியாது.

ஓர் எல்லை உண்டு. பொய் என்று தெரிந்ததை உண்மையென்று அதிகாரியிடமோ நீதிமன்றத்திலோ முன்வைக்க அவரால் முடியாது. அப்படிச் செய்யச் சொன்னால் வழக்கிலிருந்து விலகிக்கொள்வார்.

போலி ஆவணத்தில் வந்ததாலேயே கோரிக்கை செல்லாது என்று அஞ்ச வேண்டியதில்லை. ஆபத்திலிருந்து நேரடியாக வந்து, தாமதமின்றி அதிகாரிகளிடம் தம்மை வெளிப்படுத்தி, தக்க காரணம் காட்டும் அகதியை, அனுமதியின்றி நுழைந்ததற்காகத் தண்டிக்கக் கூடாது என்று 1951-ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையின் 31-ஆம் பிரிவு சொல்கிறது.

என்னிடம் ஆவணம் எதுவும் இல்லை. சட்ட உதவியால் என்ன பயன்?

ஆவணமில்லாத வழக்குக்குத்தான் சட்ட உதவி அதிகம் தேவை. ஐ.நா. அகதிகள் உயர் ஆணையம் 1979-இல் வெளியிட்ட கையேடு, நிறுவும் பொறுப்பு விண்ணப்பதாரருடையது என்றாலும், உண்மைகளைக் கண்டறிந்து மதிப்பிடும் கடமை அவருக்கும் விசாரிப்பவருக்கும் பொதுவானது என்கிறது; ஓடிவருபவர் சான்றிதழ்களை அடுக்கிக்கொண்டு வருவது அரிது என்பதையும் அது ஏற்கிறது. மொத்தக் கதையும் நம்பத்தக்கதாக இருந்தால், நிறுவ முடியாத பகுதியில் சந்தேகத்தின் பலன் அவருக்கே தரப்பட வேண்டும்.

வழக்கறிஞர் தேடித் தரும் சான்று பெரும்பாலும் நீங்கள் நினைக்காத இடத்திலிருந்து வரும்: உடலிலுள்ள தழும்பை ஆராய்ந்து எழுதப்படும் மருத்துவ அறிக்கை, மனநல நிபுணரின் மதிப்பீடு, உங்கள் பகுதியின் நிலைமை குறித்த மனித உரிமை அறிக்கைகள், உங்களுக்கு நேர்ந்ததைப் பார்த்த ஒருவரின் கடிதம். சித்திரவதையை மருத்துவ முறையில் ஆவணப்படுத்துவதற்கென ஐ.நா. ஏற்றுக்கொண்ட இஸ்தான்புல் நெறிமுறை ஒன்றிருக்கிறது. அதன்படி எழுதப்பட்ட அறிக்கையில், காயம் நீங்கள் சொன்ன காரணத்துடன் எந்த அளவுக்குப் பொருந்துகிறது என்பது படிநிலையாகக் குறிக்கப்படும். ஊரிலிருந்து ஏதாவது ஓர் 'ஆவணத்தை' யாரிடமாவது எழுதி வாங்கி அனுப்பச் சொல்லாதீர்கள். ஒரு தாள் போலி என்று தெரிந்தால், உண்மையான மற்றவையும் அதனுடன் சேர்ந்து மதிப்பிழக்கும்.

சட்ட உதவி கேட்டேன், தர மறுத்துவிட்டார்கள். ஏன்?

பொதுவாக இரண்டு காரணங்களில் ஒன்றாக இருக்கும். வருமானம் வரம்பைத் தாண்டியிருக்கலாம். இங்கே சில நாடுகளில் துணைவரின் வருமானமும் சேர்த்துக் கணக்கிடப்படும். அல்லது வழக்கு வெல்லும் வாய்ப்பு குறைவு என்று மதிப்பிட்டிருக்கலாம். இரண்டாவது காரணத்தால் மறுக்கப்பட்டால் அதோடு நின்றுவிடாதீர்கள். அந்த மதிப்பீடு அரைமணி நேர உரையாடலையும் ஒரு மறுப்புக் கடிதத்தையும் மட்டும் வைத்துச் செய்யப்பட்டிருக்கக்கூடும். காரணத்தை எழுத்தில் கேளுங்கள்; மறுபரிசீலனைக்கு வழியுண்டா என்று கேளுங்கள்; வேறொரு வழக்கறிஞரிடமோ தொண்டு நிறுவனத்திடமோ அதே கோப்பைக் காட்டுங்கள். மறுபரிசீலனைக்குக் காத்திருக்கும் நாள்களில் மேல்முறையீட்டுக் கெடு தானாக நின்றுவிடும் என்று மட்டும் எண்ணிவிட வேண்டாம்.

மறுப்புக் கடிதம் வந்துவிட்டது. எத்தனை நாள் இருக்கிறது?

கடிதத்தைப் படிக்குமுன் உறையைப் பத்திரப்படுத்துங்கள். அஞ்சல் முத்திரையிலுள்ள தேதியும், உங்கள் கைக்கு வந்த தேதியும், கடிதத்தில் அச்சிடப்பட்ட தேதியும் மூன்று வெவ்வேறு நாள்களாக இருக்கலாம். கெடு எதிலிருந்து தொடங்குகிறது என்பதில் வழக்கே தங்கியிருக்கும். இணையக் கணக்கில் முடிவை ஏற்றும் நாடுகளில், நீங்கள் திறந்து பார்க்காவிட்டாலும் நாள்கள் ஓடிக்கொண்டிருக்கக்கூடும். முகவரி மாறியதைத் தெரிவிக்காதவருக்குப் பழைய முகவரிக்கே கடிதம் போகும். அது சேர்ந்ததாகவே சட்டம் கொள்ளலாம்.

கெடுக்கள் எவ்வளவு குறுகியவை என்பதற்கு மூன்று எடுத்துக்காட்டுகள். சுவிட்சர்லாந்தின் விரைவு நடைமுறையில் 7 வேலைநாள். பிரிட்டனில், நாட்டுக்குள்ளிருந்து மேல்முறையீடு செய்ய, முடிவு அனுப்பப்பட்டதிலிருந்து 14 நாள். பிரான்சில் தேசியப் புகலிட நீதிமன்றத்தை அணுக ஒரு மாதம். ஆனால் அதற்கான சட்ட உதவியை முடிவு கிடைத்த 15 நாளுக்குள் கேட்டாக வேண்டும். அந்த 15 நாளுக்குள் கேட்டால் ஒரு மாதக் கெடு நிறுத்திவைக்கப்பட்டு, சட்ட உதவி பற்றிய முடிவுக்குப் பின் மீதி நாள்கள் எண்ணப்படும். தாமதமாகக் கேட்பவர் அந்த வாய்ப்பை இழக்கிறார். 'ஒரு மாதம் இருக்கிறதே' என்று மூன்றாவது வாரத்தில் வழக்கறிஞரைத் தேடத் தொடங்குபவர்கள் இங்கேதான் சிக்குகிறார்கள்.

மேல்முறையீடு நிலுவையில் இருக்கும்போது நாடுகடத்தல் நிற்குமா என்பது தனிக் கேள்வி. பல நடைமுறைகளில் நிற்கும். சிலவற்றில் அதற்கெனத் தனியாக மனுச் செய்ய வேண்டும். வழக்கறிஞரிடம் முதல் சந்திப்பிலேயே இதைக் கேளுங்கள்.

தடுப்புக்காவலில் இருப்பவர் எப்படி உதவி பெறுவது?

அங்கே தொலைபேசிதான் எல்லாம். காவலில் வைக்கப்பட்டதற்கான காரணத்தை எழுத்தில் கேட்கவும், வழக்கறிஞரையும் ஐ.நா. அகதிகள் உயர் ஆணையத்தையும் தொடர்புகொள்ளவும் வாய்ப்புத் தரப்பட வேண்டும் என்று அந்த ஆணையத்தின் 2012-ஆம் ஆண்டு வழிகாட்டுதல்கள் கூறுகின்றன. காவல் சட்டப்படியானதா என்பது புகலிடக் கோரிக்கையிலிருந்து வேறான வழக்கு. இரண்டையும் ஒரே வழக்கறிஞர் எடுப்பார் என்பதில்லை, ஒன்றுக்கு இலவச உதவி கிடைத்து மற்றதற்குக் கிடைக்காமலும் போகலாம். வெளியிலிருக்கும் உறவினர்கள் செய்யக்கூடிய பெரிய உதவி, காவலிலிருப்பவரின் முழுப்பெயரையும் கோப்பு எண்ணையும் இருக்கும் இடத்தையும் ஒரு தாளில் சரியாக எழுதி வழக்கறிஞரிடம் சேர்ப்பதுதான். பெயரின் எழுத்துக்கூட்டல் அதிகாரிகளின் பதிவில் எப்படி இருக்கிறதோ அப்படியே இருக்க வேண்டும்.

குடும்பமாக வந்திருக்கிறோம். எல்லாருக்கும் ஒரே வழக்கறிஞர் போதுமா?

பெரும்பாலும் போதும், ஆனால் எல்லா நேரத்திலும் அல்ல. கணவரின் கோரிக்கையில் மனைவி சார்ந்திருப்பவராக மட்டும் சேர்க்கப்படும்போது, அவருக்கென்று தனியாக உள்ள காரணம் கேட்கப்படாமலே போய்விடுகிறது. அவர் காவல் நிலையத்தில் அனுபவித்தது கணவருக்கே தெரியாமலிருக்கலாம். வீட்டுக்குள்ளேயே வன்முறை இருந்தால் இருவரின் நலனும் முரண்படுவதால் ஒரே வழக்கறிஞர் இருவருக்கும் வாதாட முடியாது. எனவே ஒவ்வொரு வயது வந்தவரும் வழக்கறிஞரை ஒருமுறையாவது தனியே சந்திக்க வேண்டும் என்று கேட்பது நியாயமானது; கேட்டால் குடும்பத்தில் மனத்தாங்கல் வரும் என்றால், வழக்கறிஞரே அதை வழக்கமான நடைமுறையாகச் சொல்லிவிடலாம்.

பெற்றோர் துணையின்றி வந்த சிறுவர்களுக்குப் பல நாடுகளில் பாதுகாவலர் ஒருவரும் சட்டப் பிரதிநிதியும் நியமிக்கப்படுகிறார்கள். வயதே கேள்விக்குள்ளாக்கப்பட்டால், வயது மதிப்பீட்டை எதிர்ப்பதே முதல் வழக்காகிவிடும்.

ஊர்க்காரர் ஒருவர் 'கேஸ் எழுதித் தருகிறேன்' என்கிறார். அவரிடம் கொடுக்கலாமா?

கொடுக்க வேண்டாம். அவர் நல்ல எண்ணத்துடனேயே சொல்லலாம். தனக்கு வென்ற கதை உங்களுக்கும் வெல்லும் என்று நம்பலாம். அதிகாரிகள் ஒரே மாதிரி வாக்குமூலங்களை நூற்றுக்கணக்கில் படித்தவர்கள். அச்சில் வார்த்ததுபோன்ற கதையைப் படிக்கும்போது, அதற்கு அடியில் இருக்கும் உங்கள் உண்மையான ஆபத்தை அவர்கள் தேடிக்கொண்டிருக்க மாட்டார்கள்.

தகுதியின்றிக் குடிவரவு ஆலோசனை தருவதே சில நாடுகளில் குற்றம். பிரிட்டனில் 1999-ஆம் ஆண்டுச் சட்டப்படி வழக்கறிஞர்களும் பதிவுபெற்ற ஆலோசகர்களும் மட்டுமே அதைச் செய்யலாம். கனடாவிலும் ஆலோசகர்களுக்கு உரிமம் வேண்டும். அமெரிக்காவில் மத்திய அரசின் நீதித் துறையிடம் (Department of Justice) அங்கீகாரம் பெற்ற பிரதிநிதிகள், வழக்கறிஞர் பட்டம் இல்லாவிட்டாலும், அங்கீகரிக்கப்பட்ட அமைப்புகள் மூலம் வழக்குகளை எடுக்கலாம். பெயரைக் கேட்டு, அந்நாட்டுப் பதிவேட்டில் அது இருக்கிறதா என்று பார்ப்பதற்குச் சில நிமிடங்கள் போதும். வெற்றிக்கு உத்தரவாதம் தருபவர், ரசீது தர மறுப்பவர், வெற்றுத் தாளில் கையெழுத்துக் கேட்பவர், மூல ஆவணங்களைத் தன்னிடமே வைத்துக்கொள்பவர் ஆகியோரிடமிருந்து விலகுங்கள். ஐ.நா. அகதிகள் உயர் ஆணையம் எந்தச் சேவைக்கும் பணம் வாங்குவதில்லை; அதன் பெயரில் பணம் கேட்பவர் ஏமாற்றுக்காரர்.

என் வழக்கறிஞர் தொலைபேசியை எடுப்பதே இல்லை. மாற்றலாமா?

மாற்றலாம். ஆனால் இலவசச் சட்ட உதவியில் இருந்தால், நிதி தரும் அமைப்பின் அனுமதி தேவைப்படலாம். புதியவர் கிடைக்குமுன் பழையவரை விட்டுவிட்டால் இடையில் ஒரு கெடு கடந்துபோகும். முதலில் மின்னஞ்சலிலோ கடிதத்திலோ கேள்வியை எழுதி அனுப்புங்கள். பல நேரங்களில் மௌனத்துக்குக் காரணம் வழக்கில் அசைவே இல்லாததுதான். அப்படியும் பதில் இல்லையென்றால், அந்த எழுத்தே உங்கள் முறையீட்டுக்குச் சான்றாகும். கோப்பின் நகலைக் கேட்டுப் பெறுங்கள்.

அகதிகள் உடன்படிக்கையில் சேராத நாட்டில் இருக்கிறேன். அங்கே யாரிடம் போவது?

அத்தகைய நாடுகள் பலவற்றில் ஐ.நா. அகதிகள் உயர் ஆணையமே விண்ணப்பத்தைப் பதிவுசெய்து, நேர்காணல் நடத்தி, முடிவு சொல்கிறது. ஆணையத்தின் நடைமுறை விதிகள், விண்ணப்பதாரருடன் சட்டப் பிரதிநிதி இருப்பதை அனுமதிக்கின்றன. மறுக்கப்பட்டால் ஆணையத்துக்குள்ளேயே மேல்முறையீடு உண்டு. அதற்கு அப்பால் உள்நாட்டு நீதிமன்றங்களும் வழியாகலாம். அரசியலமைப்பு உயிருக்கும் சுதந்திரத்துக்குமான பாதுகாப்பைக் குடிமக்களோடு நிறுத்தாமல் 'எவருக்கும்' என்று தந்திருந்தால், வெளிநாட்டவரும் அதைக் கோர முடியும். இந்தியாவின் 21-ஆம் உறுப்பு அப்படி எழுதப்பட்டதுதான். 1996-இல், இன்றைய வங்கதேசத்திலிருந்து வந்து அருணாசலப் பிரதேசத்திலிருந்த சக்மா மக்கள் தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை அடிப்படையாகக் கொண்டே அவர்களுக்குப் பாதுகாப்பு அளிக்கும்படி அரசுக்கு ஆணையிட்டது.

எங்கே தேடியும் வழக்கறிஞர் கிடைக்கவில்லை. நேர்காணல் நெருங்கிவிட்டது. தனியாக என்ன செய்ய முடியும்?

முதலில், நேர்காணலை ஒத்திவைக்க எழுத்தில் கேளுங்கள். நீங்கள் அணுகிய அலுவலகங்களின் பெயர்களையும் தேதிகளையும் அவர்கள் தந்த பதிலையும் கடிதத்தில் குறிப்பிடுங்கள். ஒத்திவைக்காவிட்டாலும், வழக்கறிஞரைத் தேடினீர்கள் என்பது கோப்பில் பதிவாகும். மேல்முறையீட்டில் அது பயன்படலாம்.

பிறகு, உங்கள் மொழியிலேயே உட்கார்ந்து எழுதுங்கள். நேர்ந்தவற்றை நேர்ந்த வரிசையில், யார், எங்கே, எப்போது, உங்களிடம் என்ன கேட்டார்கள், எப்படி வெளியே வந்தீர்கள், திரும்பிப் போனால் யார் என்ன செய்வார்கள் என்று அஞ்சுகிறீர்கள், அதே நாட்டில் வேறு பகுதிக்குப் போய் ஏன் வாழ முடியாது என்பதுவரை எழுதுங்கள். அகதி என்ற தகுதி கிடைப்பது இனம், மதம், தேசியம், குறிப்பிட்ட சமூகக் குழு, அரசியல் கருத்து ஆகிய ஐந்து காரணங்களில் ஒன்றோடு ஆபத்து இணைந்திருப்பதால்தான் என்பதால், உங்களை ஏன் குறிவைத்தார்கள் என்பதற்கு மற்ற எதையும்விட அதிக வரிகள் ஒதுக்குங்கள். தெரியாத தேதியைத் தெரியாது என்றே எழுதுங்கள். எழுதியதை நகலெடுத்து, ஒன்றை நேர்காணலில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான முத்திரையை உங்கள் நகலில் வாங்கிக்கொள்ளுங்கள். பின்னால் வழக்கறிஞர் கிடைத்ததும் முதலில் அந்த நகலைத்தான் கேட்பார்.